தழும்பும் நம் பார்வையும்

2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலர் தழும்போடு வளர்ந்தார்கள். நம்ம ஊரிலும் அடுப்புத் தீ பட்ட கையை முழுக்கைச் சட்டையில் மறைப்பவங்க உண்டு.

"கிரீம் தடவு, போயிடும்" என்கிறோம். அப்படியெல்லாம் போகாது! ஆனால் பழைய தழும்புக்கும் வைத்தியம் இருக்கு. தடித்திருந்தால் சிலிக்கான் ஷீட், ஸ்டீராய்டு ஊசி. நிறமும் சொரசொரப்பும் குறைய லேசர். விரலையோ கழுத்தையோ இழுத்துப் பிடித்தால் ஆபரேஷன். எது யாருக்கு என்று டாக்டர்தான் சொல்லணும். புதுச்சேரி ஜிப்மரில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு இருக்கு.

எவ்வளவு செய்தாலும் கொஞ்சம் தழும்பு மிஞ்சும். அதை வெறிச்சுப் பார்க்காமல், "என்னாச்சு?"ன்னு தோண்டாமல், ஆண்டு விழா மேடையில் முன்வரிசையில் நிற்க வைப்போம். அது நம்ம கையில்தானே இருக்கு?