எண்ணிக்கை மிஞ்சிற்று, பெயர்கள் போயின

மைசூர் நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்களில், தங்கள் பூர்வீகம் எது, எந்த ஊரிலிருந்து எந்தக் காலத்தில் யார் முதன்முதலில் இந்தச் சமஸ்தானத்துக்குள் அடியெடுத்து வைத்தார்கள் என்று அறிந்துகொள்ளும் ஆவல் இளைஞர்களிடையே மிகுந்துவருவதை அண்மையில் காண்கிறேன். திருநாராயணபுரம் என்று வைஷ்ணவர்கள் போற்றும் மேல்கோட்டையைச் சார்ந்து நூற்றாண்டுகளாக நிலைத்துவிட்ட மண்டயம் ஐயங்கார்கள் முதல், அரண்மனை உத்தியோகத்துக்கும் ரயில்வே வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்து இங்கேயே தங்கிவிட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வரையில் இந்த ஆவல் பொதுவாக இருக்கிறது. மேல்நாட்டில் வேலை பார்க்கும் உறவினர்கள், தங்கள் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் முப்பாட்டனாரின் பெயரையும் வயதையும் தொழிலையும் பழைய சென்சஸ் ஏட்டிலிருந்து எடுத்துக் காட்டினார் என்று சொல்லக் கேட்டவர்கள், அப்படிப்பட்ட ஏடுகளை நம் நாட்டில் எங்கே பார்க்கலாம் என்று விசாரிக்கிறார்கள். எங்கும் பார்க்க இயலாது என்பதே அதற்கு விடை. அறிக்கைகளும் அட்டவணைகளும் நூலகங்களில் இருக்கின்றன. வீடுதோறும் சென்று பெயர் எழுதிய ஏடுகள் இல்லை.

இந்த இழப்பு கறையானாலோ வெள்ளத்தாலோ நேர்ந்ததன்று. இங்கிலாந்தில் 1841 முதல் ஒவ்வொருவர் பெயரும் எழுதப்பட்ட ஏடுகளைக் காப்பாற்றி, நூறு வருஷம் பூட்டிவைத்து, அதன்பின் ஜனங்களின் பார்வைக்குத் திறந்துவிடுகிறார்கள். 1921-ஆம் வருஷத்து ஏடுகள் 2022 ஜனவரியில் திறக்கப்பட்டன. அமெரிக்காவில் இந்தக் காலவரை 72 வருஷம். அதன்படி 1950-ஆம் வருஷத்து ஏடுகள் 2022 ஏப்ரல் 1 அன்று வெளியாயின. அந்நாடுகளிலும் அழிவு நேர்ந்ததுண்டு. இங்கிலாந்தின் 1931-ஆம் வருஷத்து ஏடுகள் 1942-ல் ஒரு தீ விபத்தில் எரிந்தன. அயர்லாந்தின் பழைய ஏடுகள் பல, உள்நாட்டுப் போர் மூண்ட 1922-ல் டப்ளின் நகரத்து ஆவணக் களஞ்சியத்தோடு சாம்பலாயின. அங்கெல்லாம் அவற்றை இன்றளவும் தேசிய நஷ்டமாகவே கருதித் துக்கத்தோடு குறிப்பிடுகிறார்கள். நம் நாட்டிலோ ஒவ்வொரு பத்து வருஷமும் கணக்கு முடிந்ததும், இனி இவற்றால் பிரயோஜனமில்லை என்று சர்க்காரே தீர்மானித்து ஏடுகளைக் கழித்துக்கட்டியது. அதைக் குறித்து ஒருவரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

அந்த ஏடுகளில் என்னதான் இருந்தது என்று அறிந்தால்தான் இழந்தது இன்னதென்று புரியும். 1931 பிப்ரவரி 26 அன்று இந்தியா முழுவதும் நடந்த கணக்கில், ஒவ்வோர் ஆளுக்கும் 18 கட்டங்கள் நிரப்பப்பட்டன. வீட்டு இலக்கம், பெயர், மதம், ஆணா பெண்ணா என்பது, விவாக நிலை, வயது, ஜாதி, தொழில், உபதொழில், பிறந்த ஜில்லா, தாய்மொழி, வழக்கமாகப் பேசும் வேறு மொழி, எழுத்தறிவு, இங்கிலீஷ் அறிவு, அங்கக் குறை என்று அந்தக் கட்டங்கள் ஒரு மனிதரின் வாழ்க்கைச் சுருக்கத்தையே தாங்கி நின்றன. சேலம் ஜில்லாவில் பிறந்து, தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, கன்னடத்தையும் பேசிக்கொண்டு, மைசூரில் கொத்தனாராக வேலை பார்த்த ஒருவரின் கதை முழுவதும் ஒரே வரியில் அடங்கியிருந்திருக்கும். பள்ளிக்கூட உபாத்தியாயர்களும், கிராமக் கணக்கர்களான ஷானுபோகர்களும் வாரக்கணக்கில் வீடு வீடாகச் சென்று எழுதிய பின், குறித்த இரவில் மறுபடியும் சென்று, அன்று பிறந்தவரைச் சேர்த்து, இறந்தவரை நீக்கிச் சரிபார்த்தார்கள்.

அதன்பின் நடந்தது என்ன? 1901 முதல் கையாளப்பட்ட முறைப்படி, ஏட்டிலிருந்த ஒவ்வொருவரின் விவரமும் ஒரு துண்டுச் சீட்டில் பெயர்த்து எழுதப்பட்டது. மதத்துக்கு மதம் சீட்டின் நிறம் வேறு. ஆண் பெண் என்பதற்கும் விவாக நிலைக்கும் குறிகள் உண்டு. குமாஸ்தாக்கள் வரிசையாக உட்கார்ந்து, அந்தச் சீட்டுகளை வயதுவாரியாகவும் தொழில்வாரியாகவும் மொழிவாரியாகவும் திரும்பத் திரும்பப் பிரித்து அடுக்கி எண்ணினார்கள். எண்ணி முடித்த தொகை அட்டவணை ஏறியது. இந்த வேலை எதிலும் பெயருக்கு இடமில்லை. ஆகவே பெயர் தாங்கிய ஏட்டைக் காக்க வேண்டும் என்ற எண்ணமும் யாருக்கும் எழவில்லை. விதைநெல்லையும் சேர்த்துக் குத்திவிட்ட குடியானவனின் செய்கைக்கு ஒப்பானது இது.

அந்த 1931-ஆம் வருஷத்தில் மைசூர் சமஸ்தானத்தின் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்து அறிக்கை எழுதியவர் எம். வெங்கடேச ஐயங்கார். கன்னடச் சிறுகதையின் தந்தை என்று போற்றப்பட்டு, பிற்காலத்தில் 'சிக்கவீர ராஜேந்திர' நாவலுக்காக 1983-ஆம் வருஷத்து ஞானபீட விருது பெற்ற மாஸ்தி அவர்களே அந்த அதிகாரி என்பதும், அவர் வீட்டில் பேசிய மொழி தமிழ் என்பதும் நம்மில் பலர் அறியாதவை. சாதாரண மனிதர்களின் சுகதுக்கங்களைப் பெயர் சொல்லி, ஊர் சொல்லிக் கதையாக்கிய அந்தக் கைகளுக்கு 65 லட்சத்துக்கு மேற்பட்ட பிரஜைகளின் விவரங்கள் வந்து சேர்ந்தன. அவர் கடமையாற்றிய முறையில் குறையொன்றுமில்லை. கேட்டவர்கள் எண்ணிக்கையைத்தான் கேட்டார்கள், அவர் அதை நேர்த்தியாகக் கொடுத்தார். ஆயினும், அத்தகைய ஒருவரின் மேற்பார்வையில் எழுதப்பட்ட பெயர்ப்பட்டியல் இன்று கைக்குக் கிடைத்திருந்தால், மைசூரின் ஒவ்வொரு வீதிக்கும் ஒரு சரித்திரம் எழுதியிருக்கலாமே என்ற ஏக்கத்தை என்னால் அடக்க முடியவில்லை.

இதைவிட மனத்தை உலுக்குவது 1881-ஆம் வருஷத்துக் கணக்கு. 1871-ல் மைசூரின் ஜனத்தொகை 50,55,412. இடையில் 1876 முதல் 1878 வரை பெரும் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடியது. 1881 பிப்ரவரி 17 அன்று, சமஸ்தானம் ஒடையர் வம்சத்திடம் திரும்ப ஒப்படைக்கப்படுவதற்குச் சில வாரங்களே இருந்தபோது எடுத்த கணக்கில் அந்தத் தொகை 41,86,188 ஆக இறங்கியிருந்தது. குறைந்தவர் 8,69,224 பேர். பஞ்சத்தில் மடிந்தவர்கள், பிழைப்புத் தேடி வெளியேறியவர்கள், அந்த வருஷங்களில் பிறக்காமலே போன குழந்தைகள் எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் கலந்து கிடக்கிறார்கள். முதல் கணக்கின் ஏடும் இரண்டாம் கணக்கின் ஏடும் இருந்திருந்தால், எந்த ஊரில் எந்த வீடு வெறுமையாயிற்று, எந்தக் குடும்பத்தில் ஒரே ஒரு பையன் மட்டும் தப்பிப் பிழைத்தான் என்று நாம் இன்று அறிந்திருப்போம். நம்மில் எத்தனை பேர் அந்த ஒரு பையனின் வம்சமோ!

அந்த 1881-ஆம் வருஷத்து அறிக்கையை எழுதியவர் லூயிஸ் ரைஸ். இந்தப் பெயரைச் சாசன ஆராய்ச்சியில் ஈடுபட்ட எவரும் பக்தியோடு நினைப்பார்கள். மைசூர் ராஜ்யத்தின் மூலைமுடுக்கெல்லாம் அலைந்து, கோயில் சுவரிலும் வயல் வரப்பிலும் நின்ற கற்களைப் படியெடுத்து, சுமார் 9,000 சாசனங்களை 'எபிகிராபியா கர்னாடிகா' தொகுதிகளில் பதிப்பித்தவர் அவர். அவற்றுள் கோலார் சீமையிலும் பெங்களூர்ச் சீமையிலும் சோழர் காலத்தில் வெட்டிய தமிழ்ச் சாசனங்கள் ஏராளம். ஆயிரம் வருஷத்துக்கு முன் கோயிலுக்குத் தானம் செய்தவனின் பெயரையும், அவன் தகப்பன் பெயரையும், ஊரையும் அவர் புண்ணியத்தில் நாம் இன்று படிக்கிறோம். அதே மனிதரின் பொறுப்பில் 1881-ல் எழுதப்பட்ட நம் முப்பாட்டனாரின் பெயரைப் படிக்க வழியில்லை. தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் மைசூரிலுள்ள மத்திய சாசன அலுவலகத்தில் சரிவரப் பேணப்படவில்லை என்று தமிழ்நாட்டில் முறையீடு எழுந்து, வழக்கு உயர்நீதிமன்றம் வரை சென்று, அவற்றைச் சென்னைக்கு மாற்றும்படி 2021-ல் உத்தரவு பிறந்ததை வாசகர்கள் அறிவார்கள். அந்தக் கவலை நியாயமானது. அதே கவலையை நூறு வருஷத்துக்கு முந்திய காகிதத்திடமும் நாம் காட்டியிருக்க வேண்டாமா?

குடும்ப வரலாறு வேண்டுமென்றால் வேறு ஆதாரங்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன: நிலப் பத்திரங்கள், அரண்மனைச் சம்பளக் கணக்குகள், மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடுகள், பள்ளிச் சேர்க்கை ஏடுகள், ஜாதகக் கட்டுகள். ஆனால் இவை யாவும் ஏதோ ஒன்று உடையவரின் சான்றுகள். நிலம் உடையவனுக்குப் பத்திரம். உத்தியோகம் உடையவனுக்குச் சம்பளக் கணக்கு. கல்வி வாய்த்தவனுக்குப் பள்ளி ஏடு. தர்ப்பணம் செய்யும் குலத்தில் பிறந்தவனுக்கு மூன்று தலைமுறைப் பெயர்களாவது நாவில் நிற்கும். நிலமும் இல்லாமல், எழுத்தும் அறியாமல், பிறர் வயலிலும் சுரங்கத்திலும் உழைத்து மடிந்தவனை யார் எழுதினார்கள்? சென்சஸ் ஒன்றுதான் எழுதியது. திவானையும் தெருக்கூட்டுபவரையும் ஒரே கட்டத்தில் ஒரே மையால் எழுதிய ஏடு நம் தேசத்தில் அது ஒன்றே. ஸ்திரீகளின் பெயரைச் சொல்லக் குடும்பத்தார் கூசிய இடத்தில் 'பெண்' என்று மட்டும் எழுதிக்கொள்ள அனுமதி இருந்ததென்றாலும், பெரும்பாலான தாய்மாரின் பெயரும் பிறந்த ஜில்லாவும் அந்த ஏட்டைத் தவிர வேறெங்கும் எழுத்தில் ஏறவே இல்லை.

இதில் நெஞ்சை வருத்தும் விஷயம் ஒன்றுண்டு. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது முதல், 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு ஏற்றிச் செல்லப்பட்டார்கள். அவர்களில் மிகப் பலர் தமிழர். ஒவ்வொருவரின் பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், உடம்பிலுள்ள அடையாளம் வரையில் எழுதிய கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன; அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு டர்பனிலிருந்து வட ஆற்காட்டுக் கிராமங்களுக்கு உறவு தேடி வருபவர்கள் உண்டு. கூலியாக ஏற்றப்பட்டவனை, முதலாளியின் சொத்துக் கணக்கில் தவறிவிடக் கூடாதென்று, கருத்தாகப் பதிந்தார்கள். அவன் ஊரிலேயே விட்டுப்போன தம்பியின் பெயர் எங்கும் இல்லை.

பெயர்களைக் காத்துவைப்பதில் அபாயமில்லையா என்பது அலட்சியப்படுத்தத்தக்க கேள்வியன்று. கோலார் தங்கவயலில் தமிழ்த் தொழிலாளர்கள் 1930-ல் வேலைநிறுத்தம் செய்தது, தங்கள் கைரேகையைப் பதிவு செய்யும் ஏற்பாட்டை எதிர்த்தே. பதிவேடு யார் கையில் இருக்கிறதோ அவர் கையில் தாங்களும் அகப்படுவோம் என்று அவர்கள் அஞ்சியதில் நியாயம் இருந்தது. 1951-ஆம் வருஷத்துச் சென்சஸின்போது பெயர்வாரியாகப் பெயர்த்தெழுதிய குடிமக்கள் பதிவேடு அஸ்ஸாமில் காக்கப்பட்டது. அங்கே அதுவே பிற்காலத்தில் குடியுரிமையைச் சோதிக்கும் ஆதாரங்களுள் ஒன்றாகி, வம்ச விருட்சம் எழுதிக் காட்டச் சொல்லி, 2019 ஆகஸ்டு 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேரை வெளியே நிறுத்தியது. நம் தேசத்தில் சென்சஸ் பெயர்கள் தப்பிப் பிழைத்த இடத்தில், அவை பாட்டனாரைத் தேடும் மகிழ்ச்சிக்குப் பயன்படாமல் ஏழைகளின் கலக்கத்துக்குக் காரணமானது என் வாதத்துக்கு எதிரான பலமான சான்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1948-ஆம் வருஷத்துச் சென்சஸ் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, கணக்கெடுப்பு ஏடுகளைப் பார்வையிட எவருக்கும் உரிமையில்லை என்றும், அவை சாட்சியமாக ஏற்கப்படமாட்டா என்றும் விதித்திருப்பது இத்தகைய அச்சத்தைப் போக்கத்தான். அந்தக் காவலைத் தளர்த்தும்படி நான் சொல்லவில்லை. உயிரோடிருப்பவரை அந்த ஏடு ஒருநாளும் தீண்டக் கூடாது.

ஆனால் அழிப்பதற்கும் திறந்துவிடுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. ஆஸ்திரேலியா நம்மைப் போலவே தன் ஏடுகளை அழித்துவந்த நாடு. 2001-ல் அங்கே சென்சஸ் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்தார்கள்: உங்கள் பெயரோடு கூடிய விவரத்தைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் 99 வருஷம் பூட்டிவைத்துப் பின்னர் வெளியிடச் சம்மதமா? சம்மதித்தவர்களின் விவரம் மட்டும் காக்கப்படும். மற்றவர்களுடையது முன்போலவே அழியும். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள் சம்மதித்தார்கள்.

2021-ல் நடந்திருக்க வேண்டிய நம் கணக்கெடுப்பு, 2011-க்குப் பதினாறு வருஷம் கழித்து, 2027 மார்ச் 1-ஐக் குறிப்பு நாளாகக் கொண்டு, காகிதத்தை விடுத்துக் கைப்பேசிச் செயலி வழியாக நடைபெறும் என்று மத்திய சர்க்கார் அறிவித்திருக்கிறது. ஜாதி விவரமும் எல்லோரிடமும் கேட்கப்படும். இந்தச் சந்தர்ப்பத்தில் பாராளுமன்றம் சென்சஸ் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்து, சம்மதித்தவர்களின் விவரத்தை உள்துறையின் வசம் விடாமல் தேசிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைத்து, நூறு வருஷத்துக்கு நீதிமன்றமோ போலீஸோ வேறெந்த இலாகாவோ அணுக முடியாதபடி பூட்டுவதற்கு வழிசெய்ய வேண்டும். மின்னணுக் கோப்பு ஓலையைவிட விரைவில் பழுதாகும் என்பதால், குறித்த காலத்துக்கொருமுறை புதுச் சாதனத்துக்கு மாற்றும் கடமையையும் சட்டமே விதிக்க வேண்டும். இதை முதலில் கேட்க வேண்டியவர்கள் நம்மைப் போல் இடம்பெயர்ந்து வாழ்பவர்கள். கர்நாடகத்துத் தமிழ்ச் சங்கங்களும், தமிழ்நாட்டில் வாழும் கன்னடச் சகோதரர்களின் சங்கங்களும் ஒன்றாகச் சேர்ந்து டில்லிக்கு விண்ணப்பம் எழுதினால் நன்று. அப்படியொரு கேள்வி வருகிற படிவத்தில் இடம்பெறுமானால், என் வீட்டிலுள்ள அனைவரும் அதற்குச் சம்மதம் என்றே பதிலளிப்போம்.