முறைத்துப் பார்க்க வேண்டாம்

ரமளானின் நடுவில் பௌர்ணமி வரும். ஆகவே திருவண்ணாமலையில் வாழும் நமக்கு ஆண்டுதோறும் ஓர் இரவு இப்படி அமைந்துவிடுகிறது: தராவீஹ் முடித்து வெளியே வந்தால் தெருவெங்கும் கிரிவலம் செல்லும் மக்கள். பதினான்கு கிலோமீட்டர் நடக்க இருப்பவர்களுக்காகத் தேநீர்க் கடைகள் விடிய விடியத் திறந்திருக்கும். 2025ஆம் ஆண்டு அத்தகைய ஓர் இரவில் நம் மதரஸாவின் பழைய மாணவர்கள் ஐந்தாறு பேர் கடை பெஞ்சில் அமர்ந்து கடுமையாக விவாதித்துக்கொண்டிருந்தார்கள். பெருநாள் துணியைப் பற்றியோ கிரிக்கெட்டைப் பற்றியோ பேசுகிறார்கள் என்று நினைத்து அருகில் சென்றோம். அவர்கள் பேசிக்கொண்டிருந்தது 'சுழல்' என்னும் தொடரைப் பற்றி.

அந்த ஆண்டு தமிழகத்தில் முதல் நோன்பு மார்ச் 2. அதற்கு இரண்டே நாள் முன்னதாக, பிப்ரவரி 28 அன்று, அந்தத் தொடரின் இரண்டாம் பாகம் அமேசான் பிரைமில் வெளியாகியிருந்தது. பிள்ளைகள் அதற்காக 2022இல் வந்த முதல் பாகத்தையும் மறுபடி பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய சர்ச்சை முதல் பாகத்தைப் பற்றியது. காவல் ஆய்வாளர் ரெஜினாவும் தொழிற்சங்கத் தலைவர் சண்முகமும் நேருக்கு நேர் நிற்கும்போது யார் ஜெயித்தார்? ஒருவன் ரெஜினாவாக நடித்த ஸ்ரேயா ரெட்டியின் பார்வையைச் செய்து காட்டினான். இன்னொருவன் பார்த்திபன் கண் இமைக்கவே இல்லை என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னான். நம்மைக் கண்டதும், "ஹஜ்ரத், நீங்களே சொல்லுங்க, முதல்ல கண்ணை எடுக்கிறவன்தானே தோத்தவன்?" என்று கேட்டான் ஒருவன்.

வழக்கமாக நாம் சொல்வதையே சொன்னோம்: "நோன்பு மாசத்துல பேச வேற விஷயமே கிடைக்கலையாப்பா?" மரியாதைக்காக அமைதியானார்கள். மறுநாள் இரவும் அதே பேச்சுதான். குரல் மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்தது. நம்முடைய கண்டிப்பின் பயன் அவ்வளவே.

பெருநாளுக்குப் பிறகு நாம் அந்த முதல் பாகத்தைப் பார்த்தோம். இதைச் சொல்லும்போது சில சகோதரர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது தெரியும். குடும்பத்தோடு அமர்ந்து பார்ப்பதற்குரியது என்று நாம் சொல்லவில்லை. பார்வையைத் தாழ்த்தக் கட்டளையிடப்பட்டவர்கள் தவிர்க்க வேண்டிய காட்சிகள் அதில் இருக்கின்றன. ஆனால் நம் பிள்ளைகள் எதில் மூழ்கியிருக்கிறார்கள் என்று அறியாமல் அவர்களுக்கு அறிவுரை சொல்வது, நோயாளியின் நாடியைப் பிடிக்காமலேயே மருந்து எழுதுவது போன்றது என்று நமக்குப் பட்டது.

கதை இதுதான். சாம்பலூர் என்னும் மலையடிவாரச் சிற்றூர். அங்கே அங்காளம்மன் கோயிலின் மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறது. (அமாவாசைதோறும் மேல்மலையனூர் பேருந்துகளுக்காகக் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்தத் தெய்வத்தின் பெயர் புதிதன்று.) ஒரு சிமெண்ட் ஆலையில் வேலைநிறுத்தம். சண்முகம் தொழிலாளர் தலைவர். ரெஜினா அவர்களைக் கலைக்க வந்த காவல் அதிகாரி. ஆலை தீப்பற்றி எரிகிறது. அதே இரவில் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமல் போகிறாள். நேற்று வரை யாரை எதிர்த்து நின்றாரோ, அவருடைய காவல் நிலையத்தின் முன்னேயே சண்முகம் தகப்பனாகப் போய் நிற்க வேண்டியதாகிறது. பிறகு தெரியவருகிறது, ரெஜினாவின் மகன் அதிசயத்துக்கும் நிலாவுக்கும் இடையே காதல் இருந்தது என்பது. இதை எழுதியவர்கள் புஷ்கர்-காயத்ரி. 2017இல் வந்த 'விக்ரம் வேதா' படமும் இவர்கள் எடுத்ததே. காவல்துறை தேடும் குற்றவாளி தானாகவே காவல் நிலையத்துக்குள் நடந்து வந்து, தன்னைத் தேடியவனிடம் கதை சொல்லத் தொடங்கும் அந்தக் காட்சியையும் நம் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். பகைவர் இருவரை ஓர் அறையில் எதிரெதிரே நிறுத்துவதில் இவர்களுக்கு ஒரு தேர்ச்சி உண்டு.

அந்தக் காட்சிகள் பிள்ளைகளைக் கட்டிப்போடுவது ஏன் என்பதும் நமக்கு விளங்கியது. அடிதடியில் என்ன நடக்கும் என்பது முன்பே தெரியும். பகைவர் இருவர் கையை ஓங்காமல் பேச உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பது தெரியாது. அதைப் பார்க்க ஆசைப்படுவது கெட்ட குணமன்று. அதைப் பார்த்துவிட்டு அவர்கள் எதை அளக்கிறார்கள் என்பதில்தான் நமக்கு வருத்தம். யார் முதலில் கண்ணை எடுத்தார், யாருக்குக் 'கெத்து' அதிகம் என்பதோடு அளவு முடிந்துவிடுகிறது. தொடரை எழுதியவர்களே அதை அளக்கச் சொல்லவில்லை.

அந்தத் தொடரில் குற்றவாளி யார் என்று பெயர் சொல்லி, இனிப் பார்க்க இருப்பவரின் ஆர்வத்தைக் கெடுக்கப்போவதில்லை. ஆனால் இவ்வளவு சொல்ல வேண்டும். ரெஜினா சண்முகத்தைச் சந்தேகிக்கிறார். சண்முகம் ரெஜினாவைச் சந்தேகிக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் வெறித்துக்கொண்டிருக்கும் நேரத்தில், பிள்ளைகளுக்குக் கேடு செய்த கை எதிரியின் வீட்டில் இல்லை. சொந்த இரத்த உறவுக்குள்ளேயே இருக்கிறது. மூத்த மகள் நந்தினி சிறு வயதில் பட்ட கொடுமையை ஆண்டுக்கணக்கில் யாரிடமும் சொல்லாமல் புதைத்து வைத்திருந்தாள். தகப்பன் ஊருக்கே தலைவர். மகள் அவரிடம் வாய் திறக்கவில்லை. தேநீர்க் கடை பெஞ்சில் இரண்டு இரவுகள் நடந்த விவாதத்தில் இந்த ஒரு செய்தி ஒருமுறைகூட வரவில்லை.

நம் வரலாற்றில் ஒரு சந்திப்பு இருக்கிறது. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு, கி.பி. 628இல், ஹுதைபிய்யாவில். உம்ராவுக்காக வந்த நபி (ஸல்) அவர்களையும் தோழர்களையும் குறைஷியர் மக்காவுக்குள் விடவில்லை. உடன்படிக்கை பேச அவர்கள் அனுப்பியவர் சுஹைல் இப்னு அம்ர். கூர்மையான நாக்குடைய பேச்சாளர். பத்ரில் கைதியாகப் பிடிபட்டவர். இனி எதிராகப் பேச முடியாதபடி அவருடைய முன்பற்களைப் பிடுங்கிவிட உமர் (ரலி) அனுமதி கேட்டதும், நபியவர்கள் மறுத்ததும் சீராவில் பதிவாகியுள்ளன. அந்த மனிதர்தான் இப்போது எதிரே அமர்ந்து, ஒப்பந்தத்தின் முதல் வரியிலிருந்தே மறுக்கிறார். அர்ரஹ்மான் என்ற பெயரை எழுத விடவில்லை. 'அல்லாஹ்வின் தூதர்' என்ற சொல்லையும் எழுத விடவில்லை. அதை ஒப்புக்கொண்டிருந்தால் உங்களைத் தடுத்திருக்கவே மாட்டோமே என்கிறார். அலி (ரலி) அவர்களுக்கு அதை அழிக்க மனம் வரவில்லை. நபியவர்கள் தாமே அதை அழித்து, அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது என்று எழுத வைக்கிறார்கள். தேநீர்க் கடையின் கணக்குப்படி கண்ணை முதலில் எடுத்தவர் யார்?

அதற்குப் பிறகு நடந்தது இன்னும் கடுமையானது. ஒப்பந்தம் பேசி முடியும் நேரத்தில் சங்கிலியோடு ஓர் இளைஞர் தடுமாறி வந்து முஸ்லிம்களிடையே விழுகிறார். அவர் அபூ ஜந்தல் (ரலி), சுஹைலின் சொந்த மகன். இஸ்லாத்தை ஏற்றதற்காகத் தந்தையால் பூட்டி வைக்கப்பட்டவர். முதலில் இவனைத் திருப்பிக் கொடுங்கள் என்கிறார் சுஹைல். இவரை மட்டுமாவது எனக்காக விட்டுவிடுங்கள் என்று நபியவர்கள் கேட்கிறார்கள். சுஹைல் இணங்கவில்லை. அபூ ஜந்தல் திருப்பி அனுப்பப்பட்டார். பொறுமையாக இருக்கும்படியும், அல்லாஹ் வழி திறப்பான் என்றும் நபியவர்கள் அவருக்குச் சொன்னார்கள். அந்த இளைஞருக்கு அருகில் தம் வாளின் கைப்பிடி எட்டும்படி நடந்து சென்றதாக உமர் (ரலி) பின்னாளில் கூறியதை இப்னு இஸ்ஹாக் பதிவு செய்திருக்கிறார். மகன் தந்தை மீது வாளை எடுக்கவில்லை.

பகைவர் இருவர், நடுவே ஒரு பிள்ளை. இந்தப் பகுதியை மதரஸாவில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். உடன்படிக்கையின் ஷரத்துகளை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறோம். அபூ ஜந்தலின் முகம் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. அந்தக் குறை நம்முடையது.

இரண்டு ஆண்டுகளில் மக்கா வெற்றி கொள்ளப்பட்டது. சுஹைல் வீட்டைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார். முன்பே இஸ்லாத்தை ஏற்றிருந்த இன்னொரு மகன் அப்துல்லாஹ்வை அனுப்பி அபயம் கேட்டார். நபியவர்கள் அபயம் அளித்தார்கள். அத்தோடு தோழர்களிடம் இன்னொன்றும் சொன்னதாக வாகிதீ அறிவிக்கிறார்: சுஹைலைச் சந்திப்பவர் அவரைக் கூர்ந்து முறைத்துப் பார்க்க வேண்டாம், அவர் வெளியே வரட்டும். இது வரலாற்று நூலின் அறிவிப்பு. புகாரி, முஸ்லிமின் தரத்தில் வைத்துப் பேச வேண்டியதன்று. ஆயினும் ஹுதைபிய்யாவை அறிந்தவருக்கு இதன் பொருள் புரியும். அன்று அந்த அவையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அந்த மனிதரை முறைக்கக் காரணம் இருந்தது. சுஹைல் பின்னர் இஸ்லாத்தை ஏற்றார். நபியவர்கள் மறைந்த செய்தி வந்து மக்கா தடுமாறியபோது, எந்த நாக்கை அடக்க உமர் (ரலி) விரும்பினார்களோ அதே நாக்கால் பேசி மக்களை நிலைநிறுத்தினார்.

இனி நம் மஹல்லாவுக்கு வருவோம். திரையிலாவது பகைவர்கள் ஒரு மேசைக்கு எதிரெதிரே உட்காருகிறார்கள். நம்மிடையே உட்காருவதே இல்லை. அண்ணன் முதல் ஸஃப்பில் நின்றால் தம்பி கடைசி ஸஃப்பைத் தேடுகிறார். ஒரு முஸ்லிம் தன் சகோதரனை மூன்று நாட்களுக்கு மேல் வெறுத்து ஒதுக்குவது ஆகுமானதல்ல என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இருவரும் எதிர்ப்படும்போது இவர் இப்பக்கமும் அவர் அப்பக்கமும் முகம் திருப்பிக்கொள்ளும் அந்தக் காட்சியையே நபியவர்கள் சொல்லிக் காட்டி, இருவரில் சிறந்தவர் முதலில் ஸலாம் சொல்பவரே என்றார்கள். யார் முதலில் என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது, வேறு விதமாக. பெஞ்சில் நம்மிடம் கேட்ட பையனுக்கு அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

பெரியவர்களின் பகை பெரியவர்களோடு நிற்பதில்லை. பெரியப்பா வீட்டுக்குப் போகாதே, சாச்சாவிடம் பேசாதே என்று சொல்லும்போது, பிள்ளைக்கு ஓர் ஆபத்து நேர்ந்தால் ஓடிச் சென்று சொல்லக்கூடிய கதவுகளை நாமே ஒவ்வொன்றாக அடைக்கிறோம். தவறான தொடுகை என்பது அந்நியரிடமிருந்து மட்டும் வருவதில்லை. வீட்டுக்குள் வந்து போகும் உறவினரிடமிருந்து வரலாம். பாடம் சொல்லும் இடத்திலிருந்தும் வரலாம். மதரஸாக்களை நாம் விதிவிலக்காக வைக்கவில்லை. 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, இப்படி ஒன்று நடந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம். 1098 என்ற எண்ணைக் குழந்தையே அழைக்கலாம். குடும்ப மானம் போய்விடும், ஜமாஅத்துக்குள் பேசி முடித்துக்கொள்வோம் என்பதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. அநீதி இழைக்கப்பட்ட குழந்தையை மௌனமாக்கிக் காப்பாற்றும் மானத்துக்கு மார்க்கத்திலும் இடமில்லை.

நம்மைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மிடம் ஓதும் பிள்ளைகளில் இருவர், அண்ணன் தம்பியின் மகன்கள். கடைச் சுவர் பங்கில் தொடங்கிய தகராறு. இரண்டு குடும்பங்களும் பேசிக்கொள்வதில்லை. "ரெண்டு பேரையும் பக்கத்துல உக்கார வைக்காதீங்க ஹஜ்ரத்" என்று ஒரு தாய் வந்து கேட்டுக்கொண்டார். சிக்கலில் தலையிட வேண்டாம் என்று நாம் ஒப்புக்கொண்டோம். ஒருவன் சன்னலோரம், மற்றவன் கதவோரம் என்று இரண்டு ஆண்டுகள் அப்படியே நடந்தது. ஒவ்வொரு மாலையும் அந்தப் பகைக்கு நாமும் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறோம் என்பது 'சுழல்' பார்த்த பிறகே உறைத்தது. ஒரு வெப் சீரிஸ் வந்து நமக்கு உணர்த்த வேண்டியிருந்தது என்பதில் பெருமை இல்லை.

அந்தப் பெருநாள் முடிந்து மதரஸா திறந்ததும் இருவரையும் ஒரே பாயில் அமர்த்தினோம். தம்பி மகன் நான்கு நாட்கள் வரவில்லை. ஐந்தாம் நாள் அவனுடைய பாட்டி கையைப் பிடித்து அழைத்து வந்தார். அவருடைய மறு கையில் மற்றப் பேரன். வாசலில் நின்று நம்மை ஒரு பார்வை பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். பெரியவர்கள் இருவரும் இதை எழுதும் வரை பேசிக்கொள்ளவில்லை. அண்ணனிடம் ஒருமுறையும் தம்பியிடம் இருமுறையும் போய்ப் பேசியிருக்கிறோம், இன்னும் போவோம். பிள்ளைகள் இப்போது வள்ளுஹா ஸூராவில் இருக்கிறார்கள். ஒருவன் நிறுத்திவிடும் இடத்தில் மற்றவன் எடுத்துக் கொடுக்கிறான்.