பாதி விலை வழிகாட்டி

ரிச்சி தெருவில், புதுப்பித்த ஜி.பி.எஸ். கருவி ஒன்றைப் பாதி விலைக்கு வாங்கினேன். "செல்போன்லயே இருக்கே?" என்றாள் மனைவி. "டேட்டா தீர்ந்தாலும் இது வழி சொல்லும்." பொய்யில்லை. 20,200 கிலோமீட்டர் உயரத்திலிருந்து செயற்கைக்கோள்கள் ஓசியில்தான் சிக்னல் அனுப்புகின்றன.

மறுவாரம் தம்பிக்குக் கல்யாணம். தாம்பரத்தில் ஏதோ சந்தில் மண்டபம், ஆறரைக்கு முகூர்த்தம். தாலி என் மனைவியின் மடியில்!

கருவியில் தேதி ஏறத்தாழ இருபது வருஷம் பின்னால் இருந்தது. ஜி.பி.எஸ். 1,024 வாரம் எண்ணியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்குமாம். கடைசியாக 2019 ஏப்ரல் 6-ல் அப்படி ஆனபோது பழைய கருவிகள் சில குழம்பிவிட்டன. தேதி கிடக்கட்டும், மேப்புக்கும் அதே வயசு! கத்திப்பாரா மேம்பாலத்தை 2008-ல் திறந்த சேதி அதற்கு எட்டவே இல்லை. பாலத்தின் உச்சியில் போகும்போது, "வலது பக்கம் திரும்பவும்" என்றது தேன் குரலில். திரும்பியிருந்தால் நேரே கீழேதான்.

டீக்கடைக்காரர் வழி சொல்லி, தாலி மேடையேறியபோது மணி ஆறு இருபத்தெட்டு. அப்பா இன்னும் என்னோடு பேசவில்லை.

கடைக்காரரிடம் போய்க் கத்தினேன். நிதானமாகச் சொன்னார்: "பெட்டியைத்தான் சார் புதுப்பிச்சோம். மேப்பைன்னு சொன்னோமா?"