கெட்டி மரம் மட்டும் போதுமா?

தெலுக் இந்தானில் என் அத்தை வீட்டு ஹாலில் போன வருஷம் ஒரு சின்ன மலை முளைத்தது. சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில், மரத்தரை இரண்டு அங்குலம் எழும்பி நின்றது. கால் வைத்தால் 'டொக்' என்று சத்தம். பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டு. அத்தைக்கு அழுகை. மாமாவின் இ.பி.எஃப். பணத்தில் போட்ட தரை அது. எட்டே மாதம்தான் ஆகியிருந்தது.

"கெட்டி மரம்னு சொல்லித்தான்யா கொடுத்தான்" என்று அத்தை புலம்பினார்.

கடைக்காரர் அதில் பொய் சொல்லவில்லை. மரம் கெட்டிதான். கோளாறு மரத்துக்குக் கீழே இருந்தது.

நம் ஊர் மண்ணைப் பற்றி உங்களுக்குத் தெரியும். 1885-இல் கட்டிய மணிக்கோபுரமே இந்த மண்ணில் நேராக நிற்க முடியாமல் சாய்ந்துவிட்டது. பேராக் ஆறு வளைந்து போகும் தாழ்வான நிலம் இது. கீழே எப்போதும் ஈரம் இருக்கும். அந்த ஈரம் சிமெண்ட் தளத்தின் வழியாக மெல்ல மேலே ஏறும். டைல்ஸ் போட்டிருந்தால் நமக்கு அது தெரியாது. மரம் போட்டால், மரம் அதைக் குடிக்கும்.

மரம் ஈரத்தைக் குடித்தால் நீளத்தில் பெரிதாக மாறாது, அகலத்தில்தான் விரியும். சுவர் ஓரத்தில் இடம் விடாமல் இறுக்கிப் போட்டிருந்தால் பலகைகள் ஒன்றையொன்று தள்ளும். போக வழியில்லாமல் மேலே எழும்பும். மரம் எவ்வளவு கெட்டியோ, அவ்வளவு பலமாகத் தள்ளும். அத்தை வீட்டு மலை இப்படித்தான் வந்தது.

ஆகவே, மரம் வாங்கப் போகும்முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இந்தத் தளம் காய்ந்ததா?" என்பதுதான். புதிதாகப் போட்ட சிமெண்ட் என்றால், ஓர் அங்குல கனத்துக்கு ஒரு மாதம் என்பது பொதுவான கணக்கு. நான்கு அங்குலத் தளத்துக்கு நான்கு மாதம். கடைக்காரரை ஈரப்பத மீட்டர் கொண்டுவந்து தளத்தையும் பலகையையும் அளக்கச் சொல்லுங்கள். அடியில் ஈரம் தடுக்கும் விரிப்பு வேண்டும். சுவர் ஓரத்தில் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். பலகைகள் வந்தவுடன் அடிக்கக் கூடாது. சில நாள் அதே அறையில் வைத்து, அந்தக் காற்றுக்குப் பழக விட வேண்டும்.

இனி மரத்துக்கு வருவோம்.

நம் நாட்டு மரங்களில் ராஜா செங்கால். திரெங்கானுவில் கடலில் ஓடும் படகுகளை இதில்தான் கட்டினார்கள். ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 950 கிலோ இருக்கும். கறையான் எளிதில் நெருங்காது. ஆனால் விலையும் ராஜா விலைதான். வெயில் மழை படும் வராந்தாவுக்கும் படிக்கட்டுக்கும் சரி. படுக்கையறைக்கு அவ்வளவு தேவையில்லை.

அடுத்தது மெர்பாவ். 2019-இல் மலேசியாவின் தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. சிவந்த பழுப்பு நிறம், நல்ல உறுதி, ஈரத்துக்கு அதிகம் அசையாது. ஹாலுக்கு ஏற்றது. ஒரு குணம் உண்டு: நனைந்தால் பழுப்புச் சாயம் விடும். கடையில் 'மெர்பாவ் கலர்' என்றால் அது மெர்பாவ் என்று அர்த்தமில்லை. ரசீதில் மரத்தின் பெயரை எழுதி வாங்குங்கள்.

கெம்பாஸ் கனமான மரம், வீட்டுக்குள் நன்றாக உழைக்கும். ஆனால் மண்ணோடும் ஈரத்தோடும் தொடர்பு வந்தால் கறையானுக்கு விருந்து.

கடைசியாக நம் கித்தா மரம். 25, 30 வருஷம் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை ஒரு காலத்தில் விறகாகத்தான் எரித்தார்கள். வெட்டிய சில நாளிலேயே பூஞ்சையும் வண்டும் பிடித்துவிடும் மரம் அது. போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகுதான் அதற்கு மேசை, நாற்காலி, தரை என்று மறுவாழ்வு கிடைத்தது. செங்காலைவிட எடை மிகக் குறைவு, விலையும் குறைவு. ஈரமில்லாத மேல்மாடி அறைக்குத் தாராளமாகப் போடலாம். கீழ்த்தளத்துக்கு வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுவது நம் பழக்கம். மரத்தரை அதைத் தாங்காது. பிழிந்த துணியால் துடைக்கலாம், அவ்வளவுதான். சமையலறைக்கும் எண்ணெய் விளக்கு எரியும் சாமி அறைக்கும் டைல்ஸே போதும். வெள்ளம் எட்டிப் பார்த்த வீடு என்றால், கீழே மரத்தரை ஆசையையே விட்டுவிடுங்கள்.

அத்தை வீட்டில் என்ன செய்தோம்? எழும்பிய மெர்பாவைப் பெயர்த்து, நல்ல பலகைகளை எடுத்து வைத்தோம். ஹாலுக்கு டைல்ஸ் போட்டோம். எடுத்து வைத்த மெர்பாவை இழைத்து மேல்மாடி பெரிய அறைக்குப் போட்டோம். பலகை போதாத சின்ன அறைக்கு மட்டும் கித்தா மரம்.

வேலை முடிந்த அன்று அத்தை அந்தச் சின்ன அறையில் வெறுங்காலோடு நின்றார். கல்யாணத்துக்கு முன்பு தோட்டத்தில் விடியற்காலை மரம் வெட்டப் போனவர். அந்தத் தோட்டத்தில் இப்போது செம்பனைதான் நிற்கிறது. வெளிர் நிறப் பலகையைக் குனிந்து தடவிப் பார்த்தார்.

"இது அந்த மரமா?" என்றார்.

"ஆமாம் அத்தை."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கீழே மருமகளைப் பார்த்துக் குரல் கொடுத்தார்: "இந்த ரூமுக்கு மட்டும் யாரும் தண்ணி ஊத்தாதீங்க!"