காலி நாற்காலியும் பரம்பரைப் பட்டமும்

ஜவ்வாது மலையில் ஊர்க்கவுண்டர் பொறுப்பு இன்றும் பெரும்பாலும் அப்பனிடமிருந்து மகனுக்குத்தான் போகிறது. ஊருக்கு ஒரு ஊர்க்கவுண்டர், பல ஊர்கள் சேர்ந்த நாட்டுக்கு ஒரு நாட்டாண்மை. மலையாளிப் பழங்குடி மக்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட ஏற்பாடு இது. எந்த அரசாணையும் இதை உண்டாக்கவில்லை. அதே மலையில் ஜமுனாமரத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஊராட்சி ஒன்றியமும் உண்டு. ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர், ஒன்றியக் கவுன்சிலர் என்று வாக்குச்சீட்டு தந்த பதவிகளும் உண்டு. பிறப்பால் வந்த தலைமையும் வாக்கால் வந்த தலைமையும் ஒரே தெருவில் குடியிருக்கும் இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. இரண்டில் எது மேல் என்று தெரிந்துகொள்ள ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை. மலையேறிப் பார்த்தால் போதும்.

ஊர்க்கவுண்டர் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அவர் ஊரை விட்டு எங்கும் போகிறவர் இல்லை. ஊராருக்கு இருப்பதுபோல அவருக்கும் ஒரு சாமைக் கொல்லை இருக்கிறது. மழை பொய்த்தால் அவர் வீட்டுக் குதிரும் காலிதான். வரப்புத் தகராறு, மாடு மேய்ந்த தகராறு, புருஷன் பெண்டாட்டிச் சண்டை, சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போன பிள்ளைகளின் விவகாரம் என்று எதுவானாலும் வெற்றிலை பாக்கு வைத்து ஊரைக் கூட்டினால் பொழுது சாய்வதற்குள் பேசி முடித்துவிடலாம். அதே வழக்குக்குப் போளூருக்கு இறங்கினால் பஸ் செலவு, வக்கீல் பீஸ், ஒருநாள் கூலி நட்டம், அதற்கு மேல் ஒரு வாய்தா. ஓட்டுக் கேட்க வருகிற கட்சிக்காரரோ கரைவேட்டியோடு ஒருமுறை வருவார். அப்புறம் கோடை விழா மேடையில் தூரத்தில் நின்று பார்க்கலாம். இதையெல்லாம் பார்த்த ஒரு பெரியவர், "ஓட்டுப் போட்டு என்னத்தக் கண்டோம், பழைய நாட்டாண்மையே தேவலாம்" என்று சொன்னால் அவர் மேல் நமக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் அவர் சொல்வது தவறு. அதைத் தயங்காமல் சொல்வதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

நல்ல கவுண்டர் இருக்கும் வரையில் பரம்பரைத் தலைமைக்குக் குறை இல்லை. அவருக்கு அடுத்து வரும் மகன் குடிகாரனாகவோ பணத்தாசை பிடித்தவனாகவோ இருந்துவிட்டால் ஊர் என்ன செய்யும்? அவன் விதிக்கிற தண்டத்தைக் கட்ட வேண்டும். ஊர்விலக்கு என்று அவன் சொல்லிவிட்டால் நெருப்புக்கும் தண்ணீருக்கும் ஆள் வராது. மேல்முறையீடு நாட்டாண்மையிடம், அவரும் அதே முறையில் வந்தவர்தான். கூட்டத்தில் உட்கார்ந்து நியாயம் பேசும் இடம் பெண்ணுக்கு இல்லை. அவளுடைய கல்யாணத்தைப் பற்றியும், அறுத்துக்கட்டுவதைப் பற்றியும் ஆண்கள்தான் பேசி முடிப்பார்கள். ஆள் நல்லவரா கெட்டவரா என்பது இரண்டாவது கேள்வி. கெட்டவரை ரத்தம் சிந்தாமல், ஊர் உடையாமல் இறக்க வழி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பரம்பரைத் தலைமையில் அந்த வழி இல்லை.

அந்த வழி இல்லாத நாட்டுக்கு என்ன நேரும் என்பதற்குச் சாட்சி இந்த மலையின் அடிவாரத்திலேயே இருக்கிறது. வேலூரில் பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்ற நினைவிடம் உண்டு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் அங்கே அடக்கமாகியிருக்கிறான். மதுரை நாயக்கர் வழி வந்தவன். 1798-இல் பட்டத்துக்கு வந்தான். தனக்கு எதிராகத் திரும்பிய பிரதானி எகலப்பொலவின் மனைவியையும் சின்னஞ்சிறு பிள்ளைகளையும் 1814-இல் கொல்ல வைத்தான். அவனை இறக்க வேண்டும் என்று பிரதானிகள் முடிவு செய்தபோது அவர்கள் கையில் சட்டமும் இல்லை, வாக்கும் இல்லை. ஆங்கிலேயப் படையைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது. 1815 மார்ச் 2-ஆம் தேதி கண்டி ஒப்பந்தம் கையெழுத்தானது. கொடுங்கோலன் போனான், கூடவே இலங்கையின் கடைசிச் சுதந்திர அரசும் போனது. அரசனை வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். 1832-இல் இங்கேயே செத்தான். ஒரு மனிதனை நாற்காலியிலிருந்து இறக்க ஒரு நாட்டையே விலையாகக் கொடுத்தார்கள்.

அதே இலங்கையில் 2019 நவம்பரில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் வாங்கி அதிபரானவர் கோத்தபய ராஜபக்ச. அண்ணன் பிரதமர், இன்னொரு சகோதரர் நிதியமைச்சர் என்று ஒரு குடும்பமே அரசாங்கத்தை நடத்தியது. பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றார்கள். 2022 ஜூலையில் அதிபர் மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். அவர் நாட்டைவிட்டு ஓடி, 14-ஆம் தேதி பதவி விலகினார். தெருவில் தொடங்கிய வேலையைப் பிறகு வாக்குச்சீட்டு முடித்தது. 2024-இல், முந்தைய தேர்தலில் சுமார் மூன்று சதவீத வாக்கு மட்டுமே வாங்கியிருந்த ஒருவரை மக்கள் அதிபராக்கினார்கள். எந்த அந்நியப் படையும் வரவில்லை, நாடும் கைமாறவில்லை. தேர்ந்தெடுத்த தலைவர்கள் அரசர்களைவிட ஒழுக்கமானவர்கள் என்று நாம் வாதிடவில்லை. ராஜபக்சக்கள் அப்படிப்பட்டவர்களும் அல்ல. போரின் கடைசி மாதங்களில் தமிழர்கள் மீது நடந்த கொடுமைகளுக்கு அவர்கள் இன்னும் கணக்குச் சொல்லவில்லை. ஆனாலும் அவர்களை இறக்க முடிந்தது.

சங்க காலத்தில் குடிகளுக்கு இருந்த ஆயுதம் புலவனின் நாக்கு ஒன்றுதான். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்ற குற்றத்துக்காக ஒரு பெண்ணைக் கொன்றான் நன்னன் என்ற அரசன். அவனை இறக்கக் குடிகளிடம் வழி இல்லை. நன்னன் வழிவந்த இளவிச்சிக்கோவைப் பல காலம் கழித்துச் சந்தித்த புலவர் பெருந்தலைச் சாத்தனார், பக்கத்தில் இருந்த இளங்கண்டீரக்கோவைத் தழுவிக்கொண்டு இளவிச்சிக்கோவை மட்டும் தழுவ மறுத்தார் என்கிறது புறநானூறு. அரசு பரம்பரையாக வந்தால் பழியும் பரம்பரையாக வரும் என்று அவர் முகத்துக்கு நேரே காட்டினார். பெரிய தீரச்செயல்தான். ஆனால் செத்த பெண்ணுக்கு அது நீதி ஆகுமா?

இவ்வளவும் சொன்ன பிறகு, வாக்குப்பெட்டியின் பெயரால் ஆள்கிறவர்கள் பக்கம் திரும்புகிறோம். இங்கேதான் நமது கடுமையான தீர்ப்பு இருக்கிறது.

உள்ளாட்சிகளின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்பது அரசமைப்புச் சட்டம் 243-உ பிரிவு. 2016 அக்டோபரில் தமிழ்நாட்டு ஊராட்சிகளின் காலம் முடிந்தது. அறிவித்திருந்த தேர்தலை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினருக்கான இட ஒதுக்கீட்டை அரசு ஒழுங்காகச் செய்யவில்லை என்பதுதான் வழக்கின் அடிப்படை. பழங்குடியினர் பங்கைச் சரிசெய்து சில மாதங்களில் தேர்தல் நடத்தியிருக்கலாம். நடத்தவில்லை. திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்த ஜமுனாமரத்தூர்ப் பக்கம் 2019 டிசம்பரில்தான் வாக்குப்பதிவு நடந்தது. மாவட்டங்களைப் பிரித்ததைக் காரணம் காட்டி, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் இருக்கும் மலைப் பகுதிக்கு 2021 அக்டோபர் வரை இழுத்தடித்தார்கள். ஒரே மலை, அதன் ஒரு சரிவில் மூன்று ஆண்டுக்கு மேல், மறு சரிவில் முழுதாக ஐந்து ஆண்டு, மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் யாரும் இல்லை. ஒரு முழுப் பதவிக்காலத்தையே திருப்பத்தூர்ச் சரிவில் இருக்கும் புதூர்நாட்டு மக்களிடமிருந்து பறித்தார்கள். தேர்ந்தெடுத்த அமைப்பு இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் நின்றது.

அதிலிருந்து பாடம் படித்தார்களா? 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு ஜமுனாமரத்தூர் ஒன்றியம் உட்பட 2019-இல் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் மறுபடி முடிந்தது. மறுபடியும் தேர்தல் இல்லை. மறுபடியும் அரசு நியமித்த தனி அலுவலர்களின் நிர்வாகம். 2016-இல் ஒரு கட்சி ஆட்சி, 2025-இல் இன்னொரு கட்சி ஆட்சி. 2016-இல் எதிர்க்கட்சியாக இருந்து கொதித்தவர்கள் 2025-இல் ஆளுங்கட்சியாக அதையே செய்தார்கள்.

தனி அலுவலர் நல்லவராக இருக்கலாம். ஆனால் அவரை ஊர் நியமிக்கவில்லை, ஊரால் நீக்கவும் முடியாது. அந்த அளவில் அவரும் பரம்பரைக் கவுண்டரும் ஒன்றுதான். ஒரே வித்தியாசம், கவுண்டர் ஊரில் இருக்கிறார், அலுவலர் அடிவாரத்துக்கு இறங்கிவிடுகிறார். நாட்டாண்மை நாற்காலி என்றைக்கும் காலியாக இருப்பதில்லை. வாக்குச்சீட்டு நாற்காலிதான் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கிறது. பிறகு அந்தப் பெரியவர் பழைய காலத்தைக் கேட்டால் அதற்கு யார் பொறுப்பு? தேர்தலைத் தள்ளிவைத்த ஒவ்வொரு அரசும்தான்.

இதனால் மலை இழப்பது என்ன? 2023 மே மாதம், வேலூர் மாவட்டம் அணைக்கட்டை அடுத்த அல்லேரி மலையில் அத்திமரத்துக்கொல்லையைச் சேர்ந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாததால் நேரத்துக்கு மருத்துவமனை போய்ச் சேர முடியவில்லை, குழந்தை இறந்தது. பிரேதத்தை ஏற்றிவந்த ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, தாய் தன் குழந்தையைக் கையில் தூக்கிக்கொண்டு மலையேறி நடந்தாள். வனத்துக்குள் சாலை போட அனுமதி கிடைக்கவில்லை என்பதுதான் எப்போதும் சொல்கிற காரணம். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவைப் பாருங்கள்: சாலை, பள்ளிக்கூடம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய் போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வனநிலத்தை, ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டாமல், கிராம சபையின் பரிந்துரையின் பேரில் ஒதுக்கலாம் என்கிறது. அந்தச் சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருந்தாக வேண்டும். நாட்டாண்மை கூட்டுகிற ஊர்க்கூட்டம் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அதன் தீர்மானத்தை வைத்து ஒரு முழம் சாலை போட முடியாது. கிராம சபைத் தீர்மானத்தை வைத்துப் போடலாம். அந்தச் சபையைக் கூட்டி, தீர்மானத்தைக் கையில் வைத்துக்கொண்டு வனச்சரகர் அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் நடையாய் நடக்கிற ஒரு ஆள் ஊருக்கு வேண்டும். அடுத்த தேர்தலில் தோற்றுவிடுவோமோ என்ற பயம் அந்த ஆளுக்கு இருக்க வேண்டும்.

அந்தப் பயம் போய்விட்டால் வாக்கும் பரம்பரைச் சொத்தாகிவிடும். கருணாநிதிக்குப் பின் ஸ்டாலின், அவருக்கு அடுத்த இடத்தில் உதயநிதி. ராமதாசுக்குப் பின் அன்புமணி. நேருவுக்குப் பின் இந்திரா, ராஜீவ், ராகுல். இவர்களில் பலரும் மக்களிடம் ஓட்டுக் கேட்டு வந்தவர்கள், சிலர் தோற்கவும் செய்தவர்கள் என்பதை மறக்கவில்லை. ஆனால் கட்சிக்குள் இவர்களை எதிர்த்து நின்று ஜெயிக்க ஒரு தொண்டனுக்கு வழி இருந்ததா? இல்லை. மன்னர் ஆட்சியை ஒழித்ததாக மேடையில் பேசிவிட்டுக் கட்சி அலுவலகத்தில் பட்டாபிஷேகம் நடத்துவது பொய். 2019-இல் கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவியை 50 லட்சம் ரூபாய்க்கு ஏலம் விட்டதாகச் செய்தி வந்தது. பெண் தலைவரின் இருக்கையில் புருஷன் உட்கார்ந்து கையெழுத்துக்குத் தாள் நீட்டுவதை எத்தனையோ ஊராட்சிகளில் பார்க்கிறோம். இவையெல்லாம் தேர்தல் வேடம் போட்ட பரம்பரை ஆட்சிதான். வேடம் போடாத ஊர்க்கவுண்டரைவிட இவற்றைக் கடுமையாகக் கண்டிக்கிறோம்.

இந்த வாக்கு சும்மா வந்ததில்லை. தனித்தொகுதியான மேலவளவு ஊராட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனை, உடன் ஆறு பேரோடு, 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள். பிறப்பால் வந்த அதிகாரத்துக்கு ஒரு தலித் தலைவர் உட்கார்ந்த நாற்காலியைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அந்த நாற்காலியைத்தான் இன்றைய அரசுகள் கேட்பாரற்றுக் காலியாகப் போட்டிருக்கின்றன.

மலை மாறிக்கொண்டிருக்கிறது. ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் தேர்வு எழுதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானார் என்று 2024-இல் நாடே வாழ்த்தியது. நியாயம் சொல்ல எந்தக் குடும்பத்தில் பிறந்தாய் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் உட்கார இடம் கிடைக்காத பெண்களின் வழியில் வந்த ஒருத்திக்கு நீதிமன்றத்தில் நாற்காலி கிடைத்திருக்கிறது. அவளைப் போன்றவர்கள் ஊராட்சித் தேர்தலிலும் நிற்பார்கள், ஜெயிப்பார்கள். நிற்கத் தேர்தல் வேண்டும்.

ஆகவே ஊர்க்கவுண்டர்கள் கோயில் திருவிழாவையும் சமரசப் பேச்சையும் நடத்தட்டும். தண்டம் விதிப்பதையும் ஊர்விலக்கு வைப்பதையும் விட்டுவிடட்டும், பெண்களைக் கூட்டத்தில் உட்கார வைக்கட்டும். தமிழ்நாடு அரசும் மாநிலத் தேர்தல் ஆணையமும் வார்டு வரையறை, இட ஒதுக்கீடு என்ற சாக்குகளை நிறுத்தி, ஜமுனாமரத்தூர் ஒன்றியத்தில் தொடங்கி எல்லா ஊராட்சிகளுக்கும் வாக்குப்பதிவுத் தேதியை அறிவிக்க வேண்டும். அறிவிக்கும்போது, சந்தைக்கு வந்த இடத்தில் ஓட்டுப் போடச் சொல்லாமல், பத்துக் கிலோமீட்டர் நடந்து வருகிறவர்களுக்கு அவரவர் கொல்லைக்குப் பக்கத்திலேயே வாக்குச்சாவடி வைக்க வேண்டும்.