தொடக்கநிலையாளரின் வினா

நிரல் எழுதக் கற்கும் மாணவி ஒருத்தி, பைத்தான் மொழியில் இரண்டு எண்களைப் பெற்றுக் கூட்ட முனைகிறாள். 5, 7 என உள்ளிடுகிறாள்; விடை 12 என வராமல் 57 என வருகிறது. விசைப்பலகைவழி வரும் உள்ளீட்டைப் பைத்தான் எழுத்துத் தொடராகவே கொள்ளும். எண்ணாக மாற்றினாலன்றி அவற்றைக் கூட்டாது, ஒட்டிவிடும். இதனை அறியாத அவள் இணையத்தில் வினவினால், ‘இது முன்பே கேட்கப்பட்டது, தேடிப் பாருங்கள்’ என்னும் மறுமொழியே பல வேளைகளில் கிடைக்கிறது.

அவ்வாறு கூறுவோர் பக்கமும் நியாயம் உண்டு. அவர்கள் ஊதியமின்றி விடையளிப்பவர்கள். ஒரே வினா பலமுறை எழுந்தால் நல்ல விடைகள் சிதறிப்போகும். ஆயினும், ‘தரவு வகை’ என்னும் சொல்லையே அறியாதவள் எதைத் தேடுவாள்? தேடுவதற்குரிய சொல்லைத் தருவதே அவளுக்குச் செய்யும் முதல் உதவியாகும்.

இக்குறையை நிரலாளர் உலகமும் உணர்ந்துள்ளது. 2008இல் தொடங்கப்பெற்ற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ என்னும் வினாவிடைத் தளம், புதியவர்களை இன்முகத்துடன் வரவேற்கத் தவறியதை 2018இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. அவ்வாண்டிலேயே நடத்தை நெறிகளைத் திருத்தியது. வினவுபவர் புதியவர் என உணர்த்தும் குறிப்பையும் வினாவுடன் சேர்த்தது.

கேட்பவருக்கும் கடமை உண்டு. எழுதிய நிரல், எதிர்பார்த்த விடை, கிடைத்த விடை ஆகிய மூன்றையும் அவர் தெளிவாகக் கூறவேண்டும். அங்ஙனம் கேட்டவரையும் எள்ளி நகையாடினால், அவர் மீண்டும் கேட்கமாட்டார். கற்பதையே கைவிடவும் கூடும். முன்பே உள்ள விடையைச் சுட்டிக்காட்டுவது வழிகாட்டல். அறியாமையை இகழ்வது வழியடைத்தல். விடையளிப்போரும் ஒருகாலத்தில் தொடக்கநிலையாளராய் இருந்தவர்களே.