குறட்டையும் குற்றப்பத்திரிகையும்

வேலை நேரத்தில் தூங்கியதாகக் குற்றப்பத்திரிகை பெற்று, விசாரணை மேசைக்கு முன் நிறுத்தப்படும் தோழர்களின் விவகாரங்கள் நம் கிளைகளுக்கு வருவது புதிய செய்தியல்ல. இரவுக் காவல்காரர், லாரி ஓட்டுநர், மங்கைக் கவிழ்த்துத் துடைத்துக்கொண்டே மரத்தடியில் சாய்ந்துவிட்ட வெட்டுத் தொழிலாளி ஆகிய எல்லோருக்கும் நிர்வாகம் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: சோம்பேறி. ஒரு மன்னிப்புக் கடிதத்தோடு முதல் தடவை முடிகிறது. மூன்றாம் தடவை வேலை போகிறது. அந்த மனிதர் இரவில் எப்படித் தூங்குகிறார் என்று கேட்பார் ஒருவருமில்லை.

நாம் அதைத்தான் கேட்கச் சொல்கிறோம்.

டாக்டர்கள் ஸ்லீப் அப்னியா என்று சொல்லும் வியாதி ஒன்று உண்டு. தமிழில் உறக்க மூச்சுத்தடை எனலாம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அவை மூச்சுப் பாதையையே அடைத்துவிடுகின்றன. நெஞ்சு ஏறி இறங்கும், ஆனால் காற்று உள்ளே போகாது. இரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை பயந்து உடலைத் தட்டி எழுப்பும். ஒரு பெரும் குறட்டையோடு மூச்சு திரும்பும். மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. பத்து விநாடிக்குக் குறையாமல் மூச்சு தடைப்படுவதையோ மிகவும் சுருங்குவதையோ ஒரு தடவையாகக் கணக்கிடுகிறார்கள். மணிக்கு 5 தடவைக்கு மேல் போனால் வியாதி. 15-க்கு மேல் நடுத்தரம். 30-க்கு மேல் கடுமை. மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் ஒருவரைத் தோளைப் பிடித்து உலுக்குவதற்குச் சமம். காலையில் எழும்போது அவருக்கு இது ஒன்றும் நினைவிலிராது. இரவு முழுதும் தூங்கினேன் என்றுதான் சொல்வார்.

அப்படிப்பட்டவர் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து பிரட்டுக்கு வந்து நிற்கிறார். பால் வெயிலுக்கு முன்தான் நன்றாக ஓடும். ஆகையால் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே நிரைக்குள் போக வேண்டும். பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி ஒரு மயிரிழை ஆழம் போனாலும் மரத்தில் காயம். காயத்துக்கும் கண்டனம், பால் குறைவுக்கும் கண்டனம். வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் கண் அயர்ந்தாலோ, கண்டிக்க ஆள் மிஞ்சுவதே நிச்சயமில்லை. கிராணிமாரும் தப்பியவர்களல்லர். செக்ரோல் புத்தகத்தின் மேல் தலை கவிழ்வது வயிறு நிறையச் சாப்பிட்டதால் மட்டும் என்று எண்ண வேண்டாம்.

இந்த வியாதிக்கு முதல் சாட்சி மனைவிதான், அல்லது கணவர். லயத்துச் சுவர்கள் மெல்லியவை. பக்கத்து வீட்டாரும் சாட்சிக்கு வரக்கூடும்! உரத்த குறட்டை திடீரென நின்று, சற்று நேரம் நிசப்தமாகி, பிறகு மூச்சு முட்டித் திணறி எழுவதுதான் அடையாளம். குறட்டை நல்ல தூக்கத்தின் முத்திரை என்று நம் பெரியவர்கள் சொல்லி வந்தது சரியல்ல. திணறி எழுபவரைப் பேய் அமுக்கியது என்று சொல்லிக் கையில் கயிறு கட்டிவிடுவதும் நம்மிடையே இருக்கிறது. காலையில் தலைவலி, வாய் வறட்சி, இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழுதல், மறதி, எரிச்சல், உட்கார்ந்த இடத்தில் உறக்கம் இவையெல்லாம் சேர்ந்தால் ஐயமே வேண்டாம், வைத்தியரிடம் போக வேண்டும். கைப்பேசியில் அந்தக் குறட்டையைப் பதிவு செய்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

பருத்தவர்களுக்கும், சட்டைக் கழுத்து ஆண்களில் 17 அங்குலத்துக்கும் பெண்களில் 16 அங்குலத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் இது அதிகம் வரும். மாதவிடாய் நின்ற பெண்களும் கவனிக்க வேண்டும். ஆனால் ஒல்லியானவர்களுக்கு வராது என்று விட்டுவிடக் கூடாது. தாடை சிறுத்தவர்களுக்கு உடல் மெலிந்திருந்தாலும் வரும். கவனிக்காமல் விட்டால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயம் கூடுகிறது. மாத்திரைகள் பல விழுங்கியும் அழுத்தம் இறங்காதவர்கள் இந்தக் கேள்வியை டாக்டரிடம் தாங்களே கேட்க வேண்டும்.

பரிசோதனைக்கு வழி கடினமானதல்ல, ஆனால் பொறுமை வேண்டும். டிரெசர் உள்ள தோட்டமானால் அவரிடம் சொல்லி, இல்லையேல் நேரே அரசாங்க சுகாதார கிளினிக்கிற்குச் சென்று, பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் வாங்க வேண்டும். அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவிலோ நுரையீரல் பிரிவிலோ பார்ப்பார்கள். ஓர் இரவு அங்கே தூங்கச் சொல்வார்கள். தலை, கண்ணோரம், தாடை, நெஞ்சு, கால், விரல் என்று கம்பிகள் ஒட்டுவார்கள். வலியில்லை, ஊசியில்லை. சிலருக்குச் சிறிய கருவியைக் கொடுத்து வீட்டிலேயே தூங்கச் சொல்வதும் உண்டு. முறை வரக் காத்திருக்க நேரும். அலுத்துப்போய்ச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

சிகிச்சைக்கு வருவோம். முன்பு கடுமையான நோயாளிகளுக்குத் தொண்டையில் துளையிடுவதே வழியாயிருந்தது. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர், காற்றை இலேசான அழுத்தத்தோடு மூக்கின் வழியே செலுத்தினால் தொண்டை மூடாமல் நிற்கும் என்று கண்டு, ஐந்து நோயாளிகளிடம் சோதித்து 1981-இல் வெளியிட்டார். இன்று சீபேப் என்று வழங்கும் இயந்திரம் அதிலிருந்து வந்ததுதான். குழாயும் முகமூடியும் மாட்டிக்கொண்டு தூங்க வேண்டும். முதல் சில நாள் மூச்சடைப்பது போலிருக்கும், மூக்கு வறளும், பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள். முகமூடி அளவு பொருந்தாவிட்டால் மாற்றிக் கேட்க வேண்டும். பெட்டியில் பூட்டிவைக்கக் கூடாது. அது வியாதியைப் போக்கிவிடும் மருந்தல்ல. மூக்குக் கண்ணாடி மாதிரி, போட்டிருக்கும் வரைதான் பலன். ஆனால் பலன் பெற்றவர்களில் பலர், சில நாளிலேயே பகல் தெளிந்ததாகச் சொல்கிறார்கள்.

இங்கேதான் தொழிலாளியின் தொல்லை தொடங்குகிறது. இயந்திரத்தின் விலை சில ஆயிரம் வெள்ளி. 2025-இல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளியாக்கப்பட்டது. அந்தச் சம்பளத்தில் அரிசியும் பள்ளிச் செலவும் போக எந்த மூலையிலிருந்து இயந்திரம் வாங்குவது? இன்னொன்று மின்சாரம். இரவு முழுதும் ஓட வேண்டிய இயந்திரம் இது. ஜெனரேட்டரை நம்பியிருக்கும் உள்தோட்டம் எதுவானாலும், இரவு பத்து மணிக்கு விளக்கணைத்துவிட்டால் அங்கே இந்தச் சிகிச்சையும் அணைந்துவிடும். வீட்டு மின்சாரம் வசதிக்கான விஷயம் என்று வாதிடும் துரைமாருக்கு, அது சிலருக்கு மூச்சு விடும் விஷயம் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

இயந்திரம் மட்டுமே வழியென்றில்லை. இலேசான நோய்க்குப் பல்லில் மாட்டும் கருவி உண்டு. உடல் எடையில் நூற்றுக்குப் பத்து குறைந்தால் மூச்சுத்தடை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாக அமெரிக்காவில் விஸ்கான்சினில் நடந்த ஆய்வு 2000-இல் காட்டியது. ஒருக்களித்துப் படுப்பதும் சிலருக்கு உதவும். சம்சுவைப் பற்றி இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை எழுதியாகிவிட்டது. இப்போது இன்னொரு காரணம். மது தொண்டைத் தசையை மேலும் தளர்த்தும். குடித்துவிட்டுப் படுப்பவர் குறட்டை ஓங்குவது அதனால்தான். தூக்க மாத்திரையும், டாக்டரைக் கேளாமல் விழுங்கினால், இவ்வகை நோயாளிக்கு ஆபத்தானது.

பிள்ளைகளுக்கும் வரும். தொண்டைச் சதை வீங்கிய குழந்தை வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கும். பகலில் தூங்கி வழியும், அல்லது அடங்காமல் திரியும். தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள் மக்குப் பிள்ளை, முரட்டுப் பிள்ளை என்று முடிவு கட்டுமுன் பெற்றோரை அழைத்துத் தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்தச் சதையை அறுவை செய்து எடுப்பதே போதுமானதாயிருக்கிறது.

தூங்கியவர் எல்லோரும் நோயாளிகள் என்று வக்காலத்து வாங்க நாம் வரவில்லை. நடுநிசி வரை கடை வாசலில் சீட்டாடிவிட்டு மரத்தடியில் படுப்பவருக்குச் சங்கம் குடை பிடிக்காது. ஆனால் எவர் எந்த வகை என்று தெரியாமலே தண்டிப்பது நியாயமா? தூங்கியதாகக் குற்றம் சாட்டப்படும் எவரையும், விசாரணைக்கு முன்னர் வைத்தியப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். அறிக்கை வரும்வரை நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டும். நோய் உறுதியானால் காவல், வண்டி ஓட்டுதல் போன்ற வேலையிலிருந்து சம்பளம் குறையாமல் வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். இயந்திரச் செலவில் நிர்வாகம் பங்கேற்க வேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சுக்கு இவற்றைக் கொண்டுபோகும்படி கிளைகள் தீர்மானம் அனுப்பக் கோருகிறோம்.

அதுவரை கையிலிருக்கும் சட்டத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி தக்க விசாரணை நடத்தாமல் ஒழுங்கீனத்துக்காக எவரையும் நீக்க முடியாது. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் ஆண்டுக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்புண்டு; பரிசோதனை இரவுக்கு டாக்டர் சீட்டைக் கேட்டு வாங்கி வாருங்கள். வேலைநீக்கம் செய்யப்பட்டவர், 1967-ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டப்படி, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் முறையிட வேண்டும். அறுபத்தோராம் நாள் கிளைச் செயலாளரிடம் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கடிதம் கைக்கு வந்த அன்றே கொண்டுவாருங்கள். குறட்டை கேட்டவரையும் கூட அழைத்து வாருங்கள்.